அழகர் இறங்குவதற்குள் இவனைத் தூங்க வைக்க வேண்டும்

ஜெர்மனியிலிருந்து மதுரை வந்து ஆறு நாளாகிறது. நாலு வயது மகன் இரவு ஒரு மணிக்கு முன் தூங்கவே மாட்டேன் என்கிறான். அங்கே எட்டரைக்குப் படுப்பவன். இப்போதைய மூன்றரை மணி வித்தியாசத்தில் அது இங்கே நள்ளிரவு 12. வசந்தத்தில் அங்கே எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அந்தப் பழக்கம் வேறு.

மதியத் தூக்கத்தை நிறுத்திப் பார்த்தோம், மாலை ஐந்துக்கே சுருண்டுவிட்டான். காலை ஏழுக்கு எழுப்பினால் ஒரே அழுகை. மொட்டை மாடியில் பாயும் போட்டாச்சு. கதை சொன்ன அப்பத்தாதான் தூங்கிப்போனார். காய்ச்சல் இல்லை, சாப்பாடு சரி.

சித்ரா பௌர்ணமிக்கு நாலு நாள்தான். அழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்க விடியும் முன்பே ஆழ்வார்புரம் போயாக வேண்டும். மதியம் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தூங்கவிட்டால் இரவு பத்துக்குள் படுப்பான்?