சுவர் அசையவில்லை, தண்ணீர் மட்டும் வீட்டுக்குள் வந்தது

கடைசிவீடு:

எங்கள் தெரு ஆற்றங்கரையில் போய் முடிகிறது. அதில் கடைசி வீடு எங்களுடையது. முன்பு வெறும் மண்கரைதான் இருந்தது. இரண்டு முறை தண்ணீர் கரையைத் தாண்டி வந்த பிறகு, அதன் மேல் ஆள் உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். வேலை முடிந்த அன்று சுவரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். பரணில் கட்டி வைத்திருந்த வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் இறக்கிக் கீழ் அலமாரியில் அடுக்கினேன். இந்த அலமாரி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மழைக்காலத்தில் ஆறு பெருகியது. இரவு பதினொன்றரை மணிக்கு டார்ச்சோடு மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் சுவரின் பாதி உயரம்தான். சுவர் சொட்டுக்கூடக் கசியவில்லை. சரி, போதும் என்று இறங்கி வந்து படுத்துவிட்டேன்.

கண் அசரும் நேரத்தில் குளியலறையில் குளுக் குளுக் என்று சத்தம். விளக்கைப் போட்டால், தரையில் இருக்கும் சல்லடை மூடி வழியாகக் கரப்பான்பூச்சிகள் ஏறி வருகின்றன. இருபது முப்பது இருக்கும். அவற்றுக்குப் பின்னாலேயே கறுப்புத் தண்ணீர். பழைய போர்வையைச் சுருட்டி அடைத்து, மேலே அம்மிக்கல் கனத்துக்கு ஒரு கல்லையும் வைத்தேன். தண்ணீர் கழிப்பறை வழியாக வர ஆரம்பித்தது. விடிவதற்குள் முழங்கால் அளவு. சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது. கூடத்தில் நின்றுகொண்டே ஜன்னல் வழியாக அதைப் பார்க்க முடிந்தது.

நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் தெருவில் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் ஒரே குழாய். அது சுவருக்கு அடியில் போய் ஆற்றில் விழுகிறது. ஆற்றுப்பக்கத்து வாயில் கீலில் தொங்கும் ஒரு இரும்புத் தட்டு உண்டு. தெருத் தண்ணீர் உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், ஆறு ஏறி வெளியிலிருந்து அழுத்தினால் தானாக மூடிக்கொள்ளும். அந்த இடுக்கில் கை மொத்தத்துக்கு ஒரு மரக்கட்டை சொருகிக் கிடந்தது. நாலு விரல் இடைவெளிதான், தெரு முழுவதையும் நிரப்ப அது போதுமாக இருந்திருக்கிறது.

இவ்வளவு பெரிய சுவர் கட்டி, இந்தத் தட்டை யார் பார்ப்பது என்று மட்டும் யாரும் முடிவு செய்யவில்லை. உங்கள் பக்கத்திலும் கரையை உயர்த்தியிருப்பார்கள், சுவர் கட்டியிருப்பார்கள். எது விட்டுப்போனது, எப்படித் தெரியவந்தது என்று எழுதுங்கள்.

மராமத்துக்காரர்:

முப்பது வருடம் கரை வேலைதான் பார்த்தேன். கடைசிவீடு தம்பி சொன்ன தட்டை நாங்கள் ஃப்ளாப் என்போம். எழுதுவதற்குத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கரையை எத்தனை முறை அளந்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. ஃப்ளாப்பைக் கையால் தூக்கிப் பார்த்தது பத்துத் தடவை இருந்தால் அதிகம். அளவுப் புத்தகத்தில் கரைக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு, இதற்குத் தனியாக ஒரு வரிகூடக் கிடையாது.

இன்னொன்று, தண்ணீர் கரைக்கு அடியிலும் வரும். ஒரு வெள்ளத்தில் இரவுக் காவலுக்கு ஆறு பேரை நிறுத்தியிருந்தோம். எல்லோருடைய கண்ணும் ஆற்றின் மேல்தான். நான் எப்போதும் மறுபக்கம், ஊர்ப்பக்கத்துக் கரையடியில்தான் நடப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் போவேன், காலுக்குத்தான் ஈரம் முதலில் தெரியும். அன்றைக்கு ஓரிடத்தில் தரை மெத்தை மாதிரி அமுங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் சோறு கொதிப்பது போல ஒரு ஊற்று. சுற்றிலும் எறும்புப் புற்று மாதிரி மணல் வட்டமாகக் குவிந்திருக்கிறது. தண்ணீரைக் கையில் அள்ளினேன். கலங்கல்.

தெளிந்த தண்ணீராக வந்தால் கசிவு, கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் அது கரைக்கு அடியில் இருக்கும் மண்ணைத் தின்றுகொண்டு வருகிறது என்று அர்த்தம். உள்ளே சுரங்கம் மாதிரி ஓட்டை நீண்டுகொண்டே போகும், அது ஆற்றைத் தொட்டதும் கரை உட்கார்ந்துவிடும்.

கூட இருந்த பையன் பதறி, மூட்டையை நேரே ஊற்றின் மேல் போடப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். ஊற்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொரு கண் திறக்கும். கிணற்றுக்கு உறை வைப்பது போல மணல் மூட்டையைச் சுற்றிலும் வட்டமாக அடுக்க வேண்டும். உள்ளே தண்ணீர் ஏற ஏற, அதன் கனமே கீழிருந்து வரும் வேகத்தைக் குறைக்கும். முற்றிலும் நிறுத்தக் கூடாது, தெளிவாக வர ஆரம்பித்ததும் விட்டுவிட வேண்டும். எங்களுக்கு இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை அடுக்க வேண்டியிருந்தது. விடியும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது.

சுவரின் உயரத்தைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். 2005ல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸில் 17ஆவது தெருக் கால்வாய்ச் சுவர் உடைந்தபோது, தண்ணீர் அதன் உச்சியைத் தொட்டிருக்கவே இல்லை. அடியில் இருந்த இளகிய களிமண் நழுவி, சுவரை அப்படியே தள்ளிக்கொண்டு போனது. அதனால்தான் சுவர் வைக்கும்போது எஃகுப் பலகைகளைப் பூமிக்குள் ஆழமாக அடிக்கச் சொல்வது. அந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாது. முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

அக்கரை:

எங்களையும் கொஞ்சம் கேளுங்கள். நான் இருப்பது சுவர் கட்டாத பக்கம்.

எதிர்க்கரையில் சுவர் எழுப்பினார்கள். முன்பெல்லாம் பெரிய வெள்ளத்தில் அந்தப் பக்கத்துத் தாழ்வான நிலத்தில் பாதித் தண்ணீர் போய்ப் பரவிக் கிடக்கும், எங்கள் வாசலில் இரண்டு படி ஏறுவதோடு நிற்கும். சுவர் வந்த பிறகு பரவ இடமில்லை. அதே அளவு மழைக்கு ஐந்து படியும் ஏறி உள்ளே வந்துவிட்டது. கூட்டத்தில் எழுந்து கேட்டபோது "உங்கள் பக்கம் அடுத்த கட்டத்தில் வரும்மா" என்றார்கள். அடுத்த கட்டத்தில் எங்களுக்கும் சுவர் வந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கீழே இருக்கும் ஊருக்குத்தானே?

சுவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆற்றுக்கும் கொஞ்சம் இடம் விடச் சொல்கிறேன். நெதர்லாந்தில் 1995ல் ஆறுகள் கரையைத் தொட்டபோது ஏறக்குறைய 2,50,000 பேரை வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் யோசித்தது வேறு மாதிரி. நைமேகன் நகரத்தில் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி வைத்து, நடுவில் ஆற்றுக்கு இன்னொரு வாய்க்கால் வெட்டினார்கள். அதற்காக ஏறக்குறைய 50 வீடுகள் போயின. ஆனால் பெருவெள்ளத்தில் நீர்மட்டம் 35 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையும்படி ஆனது. 35 சென்டிமீட்டர் என்றால் எங்கள் வாசலில் இரண்டு படி.

மேடை:

அக்கா, அந்த 50 வீட்டில் நம் வீடு இருந்திருந்தால்?

அக்கரை:

அதை நினைத்துப் பார்க்காமல் இல்லை தம்பி. எங்கள் வீடே போக வேண்டியிருக்கலாம். நேரில் வந்து, வரைபடத்தை விரித்துக் காட்டி, மாற்று இடமும் விலையும் சொல்லிக் கேட்டால் நான் பேசத் தயார். ஒவ்வொரு வருடமும் நடு இரவில் ஆறு வந்து கேட்பதைவிட அது மேல்.

பம்ப்ஹவுஸ்:

நான் வெள்ளநீர் இறைக்கும் நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்த்தவன். கடைசிவீடு சொன்னதில் ஒரு பாதி பாக்கி இருக்கிறது. அந்த ஃப்ளாப் ஒழுங்காக மூடியிருந்தாலும் பிரச்சினை தீராது. ஆறு உள்ளே வராது, சரி. தெருவில் கொட்டுகிற மழை வெளியே போகுமா? அதுவும் போகாது. சுவருக்கு உள்ளே ஊரே ஒரு தொட்டி மாதிரி ஆகிவிடும். அப்போது இறைத்து வெளியே விட்டால்தான் உண்டு. சுவரும் ஃப்ளாப்பும் பம்பும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு.

எங்கள் நிலையத்தில் மூன்று பம்ப், ஒரு ஜெனரேட்டர், டீசல் எல்லாம் தயாராக இருந்தன. மின்பலகை மட்டும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். அறைக்குள் தண்ணீர் வந்தபோது நானும் இன்னொருவரும் முறத்தாலும் வாளியாலும் இறைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் மூன்று பெரிய பம்ப் ஓடிக்கொண்டிருக்க, அந்த அறையை மட்டும் கையால் இறைத்தோம்! பலகை நனைய நாலு அங்குலம் இருக்கும்போது மழை விட்டது.

இது எங்கள் ஊர்க் கூத்து மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் ஃபாஸ் ஆற்று முகத்தில் ஒரு தடுப்புக் கேட் உண்டு. ஃபாஸ் போய்ச் சேரும் பெரிய ஆறு பெருகி, எதிர்த்து நகருக்குள் ஏறாமல் தடுப்பது அதன் வேலை, உள்ளே சேரும் தண்ணீரைப் பம்ப் இறைக்கும். 2015 டிசம்பர் 26ஆம் தேதி பம்ப் நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்து, மின்கருவிகள் செயலிழக்கும் நிலை வந்தது. வேறு வழியில்லாமல் கேட்டைத் தூக்கிவிட்டார்கள். 600க்கும் மேற்பட்ட கட்டிடங்களுக்குள் தண்ணீர் போனது. அதற்குப் பிறகுதான் மின்கருவிகளை மேலே ஏற்றினார்கள். எங்கள் பலகையும் இப்போது மாடியில் இருக்கிறது. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும், முட்டி வலிக்கிறது என்று குறைபட்ட முதல் ஆள் நான்தான்.

நாலாம்குறுக்கு:

எங்கள் பகுதியில் நிரந்தரச் சுவர் கிடையாது. ஆற்றைப் பார்க்கும் நடைபாதை மறைந்துவிடும் என்று மக்களே வேண்டாம் என்றார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். அதனால் வெள்ளம் வரும்போது மட்டும் நட்டு வைக்கும் அலுமினியத் தடுப்பு. கம்பங்களைத் தரையில் பதித்த தட்டில் போல்ட் போட்டு நிறுத்தி, இடையில் பலகைகளை ஒன்றன் மேல் ஒன்றாகச் செருகுவது. பிராக் நகரத்தில் இருப்பது இதே வகைதான். 2002 ஆகஸ்ட் வெள்ளத்தில் அவர்களுடைய பழைய நகரப் பகுதியை அது காப்பாற்றியது. அப்போது தடுப்பு இல்லாத கார்லின் பகுதியும் மெட்ரோ சுரங்கமும் மூழ்கிப்போயின.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வருடம் தேவைப்படவில்லை. மூன்றாவது வருடம் ஒத்திகைக்கு ஆள் கேட்டார்கள், போனேன். இருபத்தேழு கம்பம் நட வேண்டும், தரையில் இருபத்துநாலு தட்டுதான் கண்ணில் படுகிறது. மூன்றைக் காணவில்லை. வரைபடத்தை வைத்து டேப் பிடித்து அளந்தால், நடைபாதைக்குப் புதிதாகப் போட்ட டைல்ஸுக்கு அடியில் இருக்கின்றன. டைல்ஸ் போட்டவர்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்லவில்லை, பாவம், அழகாக மூடிவிட்டார்கள். உளியால் உடைத்து எடுத்தோம். அப்புறம் போல்ட் துளைகளில் மண் இறுகிக் கிடந்தது. அதைக் குத்தி எடுக்க ஒரு பெண் தலையில் இருந்த ஹேர்பின்னைக் கழற்றிக் கொடுத்தார். இரண்டு மணி நேர வேலை என்று எழுதியிருந்தது, எங்களுக்கு ஐந்தேகால் மணி நேரம் ஆனது. வெள்ள எச்சரிக்கை நான்கு மணி நேரத்துக்கு முன்புதான் வரும்.

ஒத்திகை வைக்காமலே இருந்திருந்தால்? நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மேடை:

என் கேள்வி சின்னது. வீட்டுக் கழிவுநீர்க் குழாயிலேயே, தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு வால்வு வைத்துக்கொண்டால் கடைசிவீட்டுக்கு வந்த கதி வராதல்லவா? அப்புறம் எங்கள் சுவர் நூறு வருட வெள்ளத்துக்குக் கட்டியது என்கிறார்கள். ஒரு முறை வந்துவிட்டதால் இனி என் காலத்தில் வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மராமத்துக்காரர்:

அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது. அந்தப் பெயர் வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். எந்த ஒரு வருடத்திலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் பொருள். போன வருடம் வந்தால் என்ன, இந்த வருடமும் அதே நூற்றில் ஒன்று. 30 வருடம் அதே வீட்டில் இருந்தால், ஒரு முறையாவது பார்க்க 26 சதவீத வாய்ப்பு. நாலில் ஒன்றுக்கும் மேல். அதுவும் பழைய மழைக்கணக்கை வைத்துப் போட்டது.

கடைசிவீடு:

வால்வு நானும் வைத்தேன். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆறு உயர்ந்து அது மூடிக்கொண்டால் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. முதல் முறை மூடியபோது பெருமையாக உட்கார்ந்திருந்தேன். மாமியார் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டார். மீதியை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். கையெட்டும் இடத்தில், திறந்து கழுவ வசதியாக வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தால் அதுவும் மூடாது.

இந்த வருடம் மழைக்கு முன்னால் தெருவில் நாலு பேர் சேர்ந்து கேட்டோம். ஃப்ளாப்பைப் பார்க்க அனுமதி கிடைக்க ஆறு வாரம். ஒரு ஊழியரும் கூட வந்தார். சுவரின் ஏணியில் இறங்கி, இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு கடப்பாரையால் தூக்கினோம். கீல் துருப்பிடித்து அரையடி ஏறியதும் அப்படியே நின்றுவிட்டது, விட்டால் கீழே விழவில்லை. கிரீஸ் போட்டு, முன்னும் பின்னும் இருபது முறை ஆட்டி, கடைசியில் கையை விட்டபோது டங்கென்று விழுந்து மூடியது. கோயில் மணி அடித்த மாதிரி இருந்தது, நாலு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க முறை வைத்திருக்கிறோம். அங்கே இறங்குவதற்கான சாவி அந்த ஊழியரிடம், ஒரு நகல் எங்கள் வீட்டில்.

பத்திரங்கள் மறுபடியும் பரணில்தான்.

அக்கரை:

நேற்று இரவு முழுக்க மழை. எங்கள் படியில் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், மணிக்கொரு முறை போய்ப் பார்த்தேன். மூன்றாவது படி வரை வந்தது. நாலரை மணிக்குப் பார்க்கும்போது கோடு தெரிந்தது, ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. கடைசிவீட்டில் மாடி விளக்கு எரிவது இங்கிருந்தே தெரிந்தது, நீங்களும் தூங்கவில்லை போலிருக்கிறது. குளியலறை எப்படி?

கடைசிவீடு:

காய்ந்து கிடக்கிறது அக்கா. ஒரு கரப்பான்பூச்சிகூட வரவில்லை.