ரோட்டிலேயே காரின் பவரை அளந்து பார்த்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கரிசல் சாலை:
டைனோவில் (சக்கரத்தை உருளைமேல் சுற்றவிட்டு பவரை அளக்கும் கருவி) ஏற்றாமலே பவரை அளக்கலாம். எடை, முடுக்கம், வேகம் மூன்றையும் பெருக்கி, காற்றும் டயரும் தின்பதையும் கூட்டினால் சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தி கிடைத்துவிடும்.

என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனிக் கணக்கு 6000 ஆர்பிஎம்மில் 83 பிஎஸ் (குதிரைத்திறன்). முதல் வேலையாக லாரிகள் ஏறும் எடை மேடையில் காரை நிறுத்தினேன். நானும் நண்பரும் உள்ளே உட்கார்ந்தபடி 1,110 கிலோ. கையேட்டில் உள்ள எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதில் ஆளும் இல்லை, டிக்கியில் கிடக்கும் சாமானும் இல்லை.

மதுரை-தூத்துக்குடி நான்குவழிச் சாலை, எட்டயபுரம் பக்கம், விடிகாலை. இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் 70-லிருந்து 80 கி.மீ. தொட 1.7 விநாடி. அப்புறம் 80-ஐத் தாண்டி நியூட்ரலில் விட்டேன். 80-லிருந்து 70-க்கு இறங்க 10 விநாடி. இந்த இரண்டாவது அளவு எனக்கு ரொம்பப் பிடித்தது. காற்றும் டயரும் எவ்வளவு தின்கின்றன என்று காரே சொல்லிவிடுகிறது, தனிச் சூத்திரம் தேவையில்லை. முதல் அளவில் சுமார் 51 பிஎஸ், இரண்டாவதில் 9. ஆக, சக்கரத்தில் 60. 75 கி.மீ. வேகத்தில் என் இன்ஜின் 5400 ஆர்பிஎம்மை ஒட்டித்தான் சுற்றும், உச்ச பவர் இன்னும் வரவில்லை. மீதி கியர்பாக்ஸ் உரசலிலும், ஃப்ளைவீலையும் சக்கரங்களையும் சுழற்றி வேகமெடுக்க வைப்பதிலும் போகிறது. நம்பும்படியான கணக்குதான்.

ஒரே திசையில் ஓட்டிவிட்டு முடிவுக்கு வராதீர்கள். 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் கண்ணுக்கே தெரியாது, ஆனால் அந்த வேகத்தில் 3 பிஎஸ்ஸை விழுங்கிவிடும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று எடுத்துச் சராசரி போடுங்கள். ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் இந்த வேலையே வேண்டாம், காற்று காரையே தள்ளும்.

நான்காவது கியர்:
1.7 விநாடியை எதில் எடுத்தீர்கள் என்பதுதான் முக்கியம். 0.1 விநாடி பிசகினாலே 3 பிஎஸ் மாறிவிடும். விநாடிக்கு ஒரு தடவை மட்டும் இடம் சொல்லும் செல்போன் ஜிபிஎஸ் இதற்குப் பத்தாது. விநாடிக்கு 10 தடவை பதியும் தனிக் கருவி இருந்தால் நல்லது. போனில் உள்ள முடுக்கமானியை நம்பும் ஆப்களில் வேறொரு சிக்கல். மிதித்தவுடன் காரின் முகப்பு லேசாகத் தூக்கும். அந்தச் சாய்வு 1 டிகிரி இருந்தாலே போன் புவியீர்ப்பில் ஒரு பங்கையும் முடுக்கமாகச் சேர்த்துக்கொண்டு பத்து சதவீதம் வரை கூட்டிக் காட்டும்.

ஒரு பட்டறையில் ரீமேப் செய்தால், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றினால், 15 பிஎஸ் கூடும் என்றார்கள். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின். அதே சாலை, அதே எடை, அதே அதிகாலை. முன்னும் பின்னும் எடுத்த நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. பில்லோடு இந்தப் பதிவையும் காட்டிப் பணத்தைத் திருப்பி வாங்கினேன்.

மலைப்பாதை:
வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 6 சதவீதம் குறையும், டர்போ இல்லாத இன்ஜினின் பவரும் ஓரளவு இறங்கும். ஏசியை அணைத்துவிடுங்கள். ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்கட்டும், கருவி பக்கத்து சீட்டில் இருப்பவர் கையில் இருக்கட்டும்.