பிழை வெடித்த இடம் தெரிகிறது, அழைத்தது யார்? – உங்கள் அனுபவங்கள்

மாட்டுத்தாவணிக்காரர்:
பூ மார்க்கெட் கமிஷன் கடை ஒன்றின் பில் மென்பொருளைப் பராமரிக்கிறேன். பைத்தானில் எழுதியது; எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். விடியற்காலையில் மல்லிகை மூட்டைகள் வந்து இறங்கும் நேரம் பார்த்து பில் நின்றுவிடும். லாக் கோப்பில் ஒரே வரி: ‘குட் நாட் கன்வர்ட் ஸ்ட்ரிங் டு ஃப்ளோட்’. எழுத்தை எண்ணாக மாற்றும் குட்டி ஃபங்ஷனின் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) புலம்பல் அது. எடை, விலை, கமிஷன், முன்பணம் என்று ஒவ்வொன்றுக்குமான ஃபங்ஷன்கள் எல்லாம் அதைத்தான் அழைக்கின்றன. வெற்றுக் கட்டத்தை அனுப்பியது யார்? புகார் மனுவில் மனுதாரர் பெயரை விட்டுவிட்டுத் தபால்காரர் பெயரைப் போட்ட கதை.

மெயின் பகுதியின் எக்செப்டில் (பிழையைப் பிடிக்கும் இடம்), பிழையின் வாசகத்தை மட்டும் எடுத்து, லாக் எழுதும் லாகிங்.எர்ரருக்குக் கொடுத்திருந்தார் அந்தப் புண்ணியவான். எது எதை அழைத்தது என்ற அழைப்புச் சங்கிலி அங்கேயே தொலைந்தது. அதை லாகிங்.எக்செப்ஷன் என்று மாற்றியதும் மறுமுறை ட்ரேஸ்பேக், அதாவது அந்தச் சங்கிலியின் பட்டியல், முழுதாக விழுந்தது. ஜாவாவில் பழகியவர்கள் கவனிக்க: பைத்தானில் கடைசி அழைப்பு அடியில் இருக்கும். அடியில் மாற்றும் ஃபங்ஷன், அதற்கு நேர் மேலே முன்பணம். முன்பணம் வாங்காத விவசாயிக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார் கணக்குப்பிள்ளை. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

திருப்பரங்குன்றத்துக்காரர்:
எக்செப்ட் மெயினில் இருந்ததால் பிழைத்தீர்கள். மாற்றும் ஃபங்ஷனுக்குள்ளேயே பிடித்திருந்தால் லாகிங்.எக்செப்ஷனும் கைவிரித்திருக்கும். பிழை பிடிபட்ட இடத்திலிருந்து வெடித்த இடம் வரைதான் ட்ரேஸ்பேக் காட்டும். அதற்கு மேலே அழைத்தவர்கள் வரமாட்டார்கள். அந்த நிலைமையில் லாகிங் அழைப்பில் ஸ்டாக்_இன்ஃபோவை ட்ரூ ஆக்குங்கள்; மேலே அழைத்தவர்களும் லாகில் வருவார்கள். அழைத்தவரின் வரி எண் மட்டும் போதுமென்றால், லாகிங்கில் பைத்தான் 3.8 பதிப்பிலிருந்து ஸ்டாக்லெவல் இருக்கிறது. 2 என்று கொடுங்கள்.

திருமங்கலம் வாத்தியார்:
ஆர் மொழியில் தொல்லை வேறு மாதிரி. மாணவர்களுக்காக எழுதிய ஃபங்ஷன்கள் எல்லாம் உள்ளே ‘சரிபார்’ என்ற உதவி ஃபங்ஷனை அழைக்கும். பிழையை எழுப்பும் ஸ்டாப் அதற்குள் இருப்பதால் ‘எர்ரர் இன் சரிபார்’ என்றே செய்தி வரும். “சார், நான் சரிபார் என்று எங்கேயும் எழுதவே இல்லையே” என்று ஒரு மாணவி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஸ்டாப்பில் ‘கால்.’ என்ற அளவுருவுக்கு ஃபால்ஸ் கொடுத்தால் பெயரே வராது. அது இன்னும் மோசம். பிழைப் பொருளை உருவாக்கும் சிம்பிள்எர்ரரில் ‘கால்’ என்பதற்கு, ஒரு படி மேலே அழைத்தவரைத் தரும் சிஸ்.கால்(-1) கொடுத்து, அந்தப் பிழைப் பொருளை ஸ்டாப்பிடம் ஒப்படைத்தேன். இப்போது மாணவர் அழைத்த ஃபங்ஷனின் பெயரே செய்தியில் வருகிறது. ஆர்லாங் என்ற ஆர் தொகுப்பைப் பயன்படுத்துபவர்கள், அதில் ஸ்டாப்புக்குப் பதிலாக உள்ள அபார்ட்டில் ‘கால்’ என்பதற்குக் காலர்_என்வ் கொடுத்தால் போதும்.