பின்னால் இடிச்ச பம்பருக்கு கிளெய்ம் போட்டா என்சிபி போயிடுமா?

பாரூர்க்காரன்:
தொப்பூர் கணவாயில் பின்னால வந்த வண்டி இடிச்சு பம்பர் உடைஞ்சிருக்கு. 1200 சிசி கார். கிருஷ்ணகிரியில் கொடுத்த எஸ்டிமேட் 7,000 ரூபாய்: பம்பர் 5,000, பெயின்ட் லேபர் 2,000. இப்போ என்சிபி (நோ கிளெய்ம் போனஸ், கிளெய்ம் போடாத வருஷங்களுக்கு பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி) 35%. அந்தத் தள்ளுபடிக்கு முன்னாடி ஓன் டேமேஜ் (நம்ம வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான) பிரீமியம் 9,000. தப்பு நம்ம மேல இல்லையே, கிளெய்ம் போட்டாலும் என்சிபி நிக்குமா? அடுத்த வருஷம் இதை வித்துட்டு புது கார் எடுக்கற யோசனையும் இருக்கு.

அரூர் சர்வேயர்:
நிக்காது. தப்பு யாருதுன்னு என்சிபி பார்க்காது. உங்க பாலிசியில் ஓன் டேமேஜ் கிளெய்ம் செட்டில் ஆனா அடுத்த ரின்யூவலில் பூஜ்யம்தான். அப்புறம் 20, 25, 35, 45, 50ன்னு மறுபடியும் அடியிலிருந்து ஏறணும். பாலிசியில் என்சிபி புரொடெக்ட் ஆட்-ஆன் (கிளெய்ம் போட்டாலும் என்சிபியைக் காப்பாத்தற கூடுதல் கவர்) இருக்கான்னு முதல்ல பாருங்க.

இல்லைன்னா கணக்கு இதுதான். பிளாஸ்டிக்குக்கு 50% தேய்மானம், 2,500 போச்சு. கட்டாயக் கழிவு, அதாவது கிளெய்ம்ல நாமே ஏத்துக்க வேண்டிய தொகை, 1,000. பெயின்ட் மெட்டீரியல்லயும் பாதி பிடிப்பாங்க. கைக்கு 3,500கூட தேறாது. கிளெய்ம் போடாம விட்டா அடுத்த ரின்யூவலில் 45%, அதாவது 4,050 மிச்சம்; அதுக்கான 18% ஜிஎஸ்டியும் மிச்சம். அதுக்கு அடுத்த வருஷமும் 50% வர்ற இடத்தில் 20%தான் வரும். ஜீரோ டெப் (தேய்மானம் பிடிக்காத ஆட்-ஆன்) இருந்து 6,000 கிடைச்சாலும் ரெண்டு வருஷத்தில் நஷ்டம்தான். கைக்காசு போட்டு மாத்திடுங்க. கண்ணாடி, கதவு, டிக்கின்னு 30,000 ஆகிற அடின்னா யோசிக்காம கிளெய்ம் போடலாம்.

ஓசூர் ஆர்சி புக்:
புது கார் எடுக்கறதா இருந்தா இன்னும் பெரிய காரணம் இருக்கு. என்சிபி வண்டிக்கு இல்லை, ஓனருக்கு. புது காரின் ஓன் டேமேஜ் 20,000ன்னா 45%க்கு 9,000 குறையும். பழைய காரை வித்ததும் ஃபாரம் 29, 30 (ஓனர் பெயர் மாத்தற ஃபாரங்கள்) நகலோட இன்சூரன்ஸ் கம்பெனியில் என்சிபி லெட்டர் கேட்டு வாங்குங்க. 3 வருஷம் செல்லும். காருக்குக் கார்தான், பைக்குக்கு மாத்த முடியாது. வாங்கறவருக்கு உங்க என்சிபி போகாது. மிச்சக் காலத்துக்கான வித்தியாசத்தை அவர் கட்டணும்.

பாரூர்க்காரன்:
நன்றிங்க. ரின்யூவல் பத்து நாள் தள்ளிப்போனா என்சிபி போயிடுமா?

அரூர் சர்வேயர்:
90 நாள் வரைக்கும் போகாது. ஆனா அந்தப் பத்து நாளும் வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை, அடுத்தவங்களுக்கு ஆகிற பாதிப்புக்கான தேர்டு பார்ட்டியும் சேர்த்து. ரோட்டில் எடுக்காதீங்க. வேற கம்பெனிக்கு மாறும்போது, போன வருஷம் கிளெய்ம் இருந்தும் ஏஜென்ட் 'இல்லை'ன்னு டிக் பண்ணா விடாதீங்க. புது கம்பெனி பழைய கம்பெனிகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கும். பெரிய அடி விழற நேரத்தில் கிளெய்மே நிராகரிக்கப்படலாம்.