மதுரை வண்டிக்கு ஹீட்டர் எதுக்கு?

பூண்டு லோடு

மதுரையில ஓடுற பிக்கப்புல ஹீட்டர் சரியில்லன்னு சொன்னா சிரிக்கத்தான் செய்வாங்க. நானே வண்டி வாங்கி மூணு வருஷமா அந்தத் திருகைத் தொட்டதில்ல. போன மார்கழியிலதான் கொடைக்கானல் பக்கம் பூம்பாறைக்குப் பூண்டு, கேரட் லோடுக்குப் போக ஆரம்பிச்சேன். சாயங்காலம் வத்தலக்குண்டு தாண்டி ஏறி, லோடு ஏத்திக்கிட்டு ராத்திரியே இறங்கி, விடியுறதுக்குள்ள மாட்டுத்தாவணி வந்து சேரணும்.

ஏறும்போது ஏதோ வெதுவெதுன்னு வந்துச்சு. இறங்கும்போது வெறும் காத்துதான். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், குளிர் முழங்காலுக்குள்ள இறங்குது. அதைக்கூடப் பொறுத்துக்கலாம், கண்ணாடி உள்பக்கம் பூத்துப்போறதுதான் பயம். ஒரு கையில ஸ்டியரிங், ஒரு கையில துண்டு. பெருமாள்மலைக்குப் பக்கத்துல எதிர்ல வந்த லாரி லைட்டு கண்ணாடி முழுக்கப் பரவிருச்சு, ரோடு எது பள்ளம் எதுன்னு தெரியல. அப்படியே ஓரங்கட்டி நிறுத்திட்டேன்.

மறுநாள் ஷெட்ல நானும் மெக்கானிக் அண்ணனும் பானட்டைத் திறந்தோம். இன்ஜினிலிருந்து கேபினுக்குள்ள போற ஹோஸ் ரெண்டு இருக்கும். வண்டி சூடானதும் ரெண்டையும் தொட்டுப் பாருங்க, பாதி விஷயம் அங்கேயே தெரிஞ்சிரும். ரெண்டும் நல்லா சுட்டா சுடுதண்ணி ஓடுது, கோளாறு காத்து வர்ற பக்கம். ஒண்ணு சுட்டு இன்னொண்ணு ஆறிக் கிடந்தா, ஹீட்டர் காயில் (சுடுதண்ணி ஓடி காத்தைச் சூடாக்குற குழாய்க்கூடு) அடைப்பு, இல்லன்னா தண்ணியை மூடுற டேப் திறக்கல. ரெண்டுமே மந்தமா இருந்தா கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கிற திரவம்) குறைவு, இல்ல தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடேறுற வரைக்கும் தண்ணியை ஆத்துற ரேடியேட்டருக்கு விடாம அடைக்கிற வால்வு. என் வண்டியில ஒண்ணு வெதுவெதுப்பு, இன்னொண்ணு பானைத்தண்ணி. அரைமணி நேரம் ஓடியும் சூடு காட்டுற மீட்டர் முள் கால்வாசியைத் தாண்டல.

அண்ணன் தலையைச் சொறிஞ்சாரு. "தம்பி, தெர்மோஸ்டாட்டை நாந்தானே கழட்டினேன்."

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு சித்திரைக்கு முன்னாடி வாடிப்பட்டி ரோட்டுல முள் மேல ஏறுச்சு. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?"ன்னு இவரு கழட்டிப் போட்டாரு, நானும் சரின்னுட்டேன். தெர்மோஸ்டாட் இல்லாம ஓடினா தண்ணி எந்நேரமும் ரேடியேட்டர் வழியா சுத்திக்கிட்டே இருக்கும். வெயில்ல ஒண்ணும் தெரியாது. மலைக்குளிர்ல இன்ஜினே சூடேறாது, டீசலும் கூடக் குடிக்கும். அதுலயும் இறக்கத்துல ரெண்டாம் கியர்ல ஆக்சிலேட்டரைத் தொடாம வந்தா டீசல் எரியுறதே கொஞ்சம், சூடு எங்கேருந்து வரும்?

அன்னைக்கு முள் ஏன் ஏறுச்சுன்னு நாங்க யோசிக்கவே இல்ல. காயிலைக் கழுவினப்பத்தான் பதில் கெடச்சுச்சு. ரெண்டு ஹோஸையும் கழட்டி, தண்ணி வெளிய வர்ற பக்கமா குழாயை வச்சு மெதுவா விட்டோம். வேகமா விட்டா உள்ள இருக்குற மெல்லிசுக் குழாய் பிஞ்சிரும். முதல்ல செங்கல் கரைச்ச மாதிரி சிவப்பா வந்துச்சு, அப்புறம் வெள்ளை வெள்ளையா செதில். கொதிச்ச போர்த்தண்ணிப் பாத்திரத்தோட அடியில படியும் பாருங்க, அதே உப்பு. கூலன்டுக்குப் பதிலா பெட்ரோல் பங்க் குழாயில பிடிச்சு ஊத்தினது நானேதான். ரேடியேட்டர் அடைச்சதும் காயில் அடைச்சதும் அந்தத் தண்ணிதான். அதுக்கு தெர்மோஸ்டாட்டைப் பழி சொல்லிக் கழட்டினோம்!

புதுசு வாங்கி மாட்டுறதுக்கு முன்னாடி அதை ஒரு சட்டித் தண்ணியில போட்டு அடுப்புல வச்சோம். 82ன்னு பொறிச்சிருந்துச்சு, அந்த டிகிரி சூட்டுலதான் திறக்க ஆரம்பிக்கும். ரொம்ப நேரம் சும்மா கிடந்தது, தண்ணி ஆவி பறக்க ஆரம்பிச்சதும் நடுத்தட்டு மெதுவா எந்திரிச்சுச்சு. மாட்டும்போது அதுல ஆடுற சின்ன ஊசி மேல் பக்கம் இருக்கணும், காத்து அது வழியாத்தான் போகும்.

அப்புறம் பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். முன் வீல் ரெண்டையும் மேட்டுல ஏத்தி, ஹீட்டரை முழுச் சூட்டுல வச்சு, இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணோம். குபுக் குபுக்குன்னு ஏர் வந்துக்கிட்டே இருந்துச்சு. சூடான இன்ஜினுல மூடியைத் தொட்டுறாதீங்க, முகம் வெந்துரும்.

மேலூர் டிரைவர்

எனக்கு வேற மாதிரி அண்ணே. கேபினுக்குள்ள இனிப்பா ஒரு வாடை, கண்ணாடியில பிசுபிசுன்னு படலம், துடைச்சாலும் போகாது. கிளீனர் காலடி மேட் ஈரம். ஏசித் தண்ணின்னு ஒரு மாசம் விட்டுட்டேன். கூலன்ட் டப்பா இறங்கிக்கிட்டே போனப்பத்தான் காயில் ஓட்டைன்னு புரிஞ்சுச்சு. ஷெட்ல காயிலை விட்டுட்டு ரெண்டு ஹோஸையும் ஒண்ணா இணைச்சு விட்டாங்க, ஹீட்டர் இருக்காது, கீழ ஓட்டுற வரைக்கும் போதும். குமுளி டிரிப் வந்ததும் முடியல. டேஷ்போர்டு முழுசா இறக்கித்தான் காயில் மாத்தினோம், ரெண்டு நாள் போச்சு. இப்ப ஹீட்டர் அருமை, டேஷ்போர்டுதான் பள்ளத்துல எல்லாம் கிரீச் கிரீச்சுங்குது.

பரவை காய்கறி

ரெண்டு ஹோஸும் கொதிக்குது, காத்து மட்டும் ஜில்லுன்னு வந்துச்சு. திருகுக்குப் பின்னாடி கேபிள் கிளிப்பை விட்டு நழுவிக் கிடந்திருக்கு. மாட்டி ஒரு டை போட்டேன், அம்புட்டுதான். கண்ணாடி பூக்குறதுக்கு ஒண்ணு சொல்றேன்: ஹீட்டரோட ஏசியையும் சேத்துப் போடுங்க, வெளிக்காத்து உள்ள வர்ற மாதிரி வைங்க. ஏசி ஈரத்தை இழுத்துரும்.

பூண்டு லோடு

ஏசி யோசனைக்கு நன்றிண்ணே, நேத்து இறங்கும்போது போட்டுப் பாத்தேன். வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவு வரைக்கும் துண்டை எடுக்கவே இல்ல, முள்ளும் நடுவுலயே நிக்குது. ரேடியேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணக் குடுக்கணும். நம்ம மெக்கானிக் அண்ணன் மட்டும் இன்னும் மாறல. கிளம்பும்போது, "சித்திரை வந்ததும் கொண்டா தம்பி, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிருவோம்"ங்குறாரு.