மொறிஸ் மைனர் கொடிகாமம் தாண்டியதும் கொதிக்கிறது

கேள்வி – கோண்டாவில்
அப்பா விட்டுச் சென்ற 1963ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் காரை நானே பழுதுபார்த்து ஓட்டி வருகிறேன். பட்டணத்துக்குள் ஓடும்போது எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் கிளிநொச்சிக்குப் புறப்பட்டால் கொடிகாமம் தாண்டியதும் ரேடியேற்றர் மூடியிலிருந்து ஆவி சீறுகிறது. பான் பெல்ட்டையும் மூடியையும் மாற்றிவிட்டேன். சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும் தெர்மோஸ்ராற்றைக் கழற்றிவிட்டு ஓடுமாறு ஒரு கராஜில் சொன்னார்கள். அது சரியா?

பதில் – சாவகச்சேரி
தம்பி, கழற்றி எறிய வேண்டாம். அது இல்லாமல் ஓடினால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் விரைவில் தேயும். அதை ஒரு சட்டித் தண்ணீரில் நூலால் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். தண்ணீர் கொதிக்கும் முன்பே திறந்துகொண்டால் அதில் பழுதில்லை. நின்ற இடத்தில் கொதித்தால் காற்றாடியைச் சந்தேகிக்கலாம். வேகமாக ஓடும்போது மட்டும் கொதிப்பதால், உள்ளே நீரோட்டம் அடைபட்டிருக்கிறது என்றே எண்ணுகிறேன். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

கோண்டாவில்
வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான், ஐயா. தெர்மோஸ்ராற் திறக்கிறது.

சாவகச்சேரி
அப்படியானால் காரணம் அந்தத் தண்ணீரே. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் வெட்டப்பட்டவை. கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படிவுதான் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் பிடிக்கிறது. எஞ்சின் நன்றாக ஆறிய பின், ரேடியேற்றரோடு நின்றுவிடாமல் எஞ்சின் கட்டையின் பின்புறத்திலுள்ள வடிகுழாயையும் திறவுங்கள். பலர் அதைத் தொடுவதேயில்லை. பிறகு சிற்றிக் அமிலம் கரைத்த நீரை நிரப்பி, சிறிது நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டு வடியுங்கள். ரேடியேற்றரைக் கீழிருந்து மேலாகக் கழுவினால்தான் கசடு வெளியேறும்.

கோண்டாவில்
வடிகுழாயைத் திறந்தபோது ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கம்பியால் குத்தியதும் துருவும் சுண்ணாம்பும் கலந்த சேறு கொட்டியது. இரண்டு முறை கழுவி, காய்ச்சி வடித்த நீரோடு கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவத்தைக் கலந்து ஊற்றினேன், சுமார் 5.5 லீற்றர் பிடித்தது. நேற்று ஆனையிறவு வரை போய் வந்தேன். ஆவி வரவில்லை, ஆனாலும் பாரம் ஏற்றினால் இழுவை குறைவாகத் தெரிகிறது.

சாவகச்சேரி
மிக்க மகிழ்ச்சி. 1990களில் பெற்றோல் இல்லாத நாட்களில் உங்கள் அப்பா இந்தக் காரை மண்ணெண்ணெயில் ஓட்டினாரா என்று வீட்டில் கேளுங்கள். மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டாதிருக்க அப்போது பலர் பற்றவைப்பு நேரத்தை, அதாவது எஞ்சினுக்குள் தீப்பொறி விழும் நேரத்தை, பின்தள்ளி வைத்தார்கள். அது அப்படியே கிடந்தால் இழுவையும் குறையும், சூடும் ஏறும். அந்த நேரத்தை அமைக்கும் டிஸ்ரிபியூற்றரைத் தளர்த்தும் முன், அது இப்போதிருக்கும் இடத்தை ஒரு கோடு கீறிக் குறித்துக்கொள்ளுங்கள்.