டிஷ் எவ்வளவு சின்னதாக இருக்கலாம்? 60 இருந்த இடத்தில் 35 செ.மீ. போதுமா?

பால்கனிவாசி:
இப்போது இருப்பது 60 செ.மீ. ஆஃப்செட் டிஷ். கேயு பேண்ட் (12 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை), ஒரே சாட்டிலைட். இதை மாடியிலிருந்து எடுத்து பால்கனி கம்பிக்கு உள்ளே வைக்க வேண்டும். அங்கே 40 செ.மீ.க்கு மேல் அகலமான எதுவும் நுழையாது. 35 செ.மீ. டிஷ் போட்டால் படம் வருமா? குறைகிற சிக்னலை நல்ல எல்என்பி (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கிப் பெருக்கும் தலைப்பகுதி) மாட்டியோ, கேபிளில் ஆம்ப்ளிஃபையர் வைத்தோ ஈடுகட்ட முடியுமா? ரிசீவர் மெனுவில் எஸ்என்ஆர் (இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு பலம் என்ற அளவு) 13.5 டெசிபெல் காட்டுகிறது. சேனல்கள் டிவிபி-எஸ்2 தரநிலை, 8பிஎஸ்கே 3/4 (8பிஎஸ்கே தகவலை அலையில் ஏற்றும் முறை, 3/4 பிழை திருத்த விகிதம்).

டெசிபெல்தாசன்:
எஸ்என்ஆரை டெசிபெலில் கொடுத்துவிட்டீர்கள், அதனால் ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கே போடலாம்.

டிஷ் சேர்க்கும் சிக்னல் அதன் பரப்பைப் பொறுத்தது. 60-லிருந்து 45-க்கு இறங்கினால் 2.5 டெசிபெல் போகும் (3 போனால் சிக்னல் பாதி); 35 என்றால் 4.7; 30 என்றால் 6. உங்கள் 13.5-இல் 4.7 கழித்தால் 8.8. 8பிஎஸ்கே 3/4 பிழையில்லாமல் ஓட ஏட்டுக்கணக்கில் 7.9 வேண்டும், நிஜ ரிசீவருக்கு அதற்கு மேல் அரை முதல் ஒரு டெசிபெல். ஆக 35 செ.மீ. டிஷ்ஷில் வானம் தெளிவாக இருக்கும்போது படம் வரும், ஆனால் விளிம்பில் நிற்கும். டிஜிட்டல் என்பதால் படம் மெல்ல மங்காது. நன்றாக இருக்கும், அடுத்த நொடி கட்டம் கட்டமாக உடைந்து உறையும்.

இதே சாட்டிலைட்டில் க்யூபிஎஸ்கே 3/4 சேனல் இருந்தால் அதற்கு 4 டெசிபெல் போதும், அது தாராளமாக ஓடும். "இந்த சாட்டிலைட்டுக்கு எத்தனை செ.மீ.?" என்று மட்டும் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. மாடுலேஷனும் (8பிஎஸ்கே, க்யூபிஎஸ்கே) எஃப்இசியும் (3/4 போன்ற பிழை திருத்த விகிதம்) சேர்ந்தால்தான் பதில்.

ஆம்ப்ளிஃபையர் வேண்டவே வேண்டாம். அது சிக்னலோடு இரைச்சலையும் அதே அளவு பெருக்கும். எஸ்என்ஆர் எல்என்பியின் முதல் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. கேபிள் மிக நீளமாக இருந்தால் மட்டும் அதற்கு வேலை உண்டு.

எல்என்பி மாற்றினால் கொஞ்சம் கிடைக்கும். அட்டையில் இரைச்சல் அளவு 0.1 டெசிபெல் என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். நிஜமாகவே 0.7-லிருந்து 0.3-க்கு இறங்கினால் எல்என்பியின் இரைச்சல் வெப்பநிலை (இரைச்சலை வெப்பநிலையாகச் சொல்லும் அளவு) 51 கெல்வினிலிருந்து 21-க்குக் குறையும். வானமும் தரையும் சேர்ந்து தரும் 40 கெல்வினைக் கூட்டினால் மொத்தம் 91, 61 ஆகும். லாபம் 1.7 டெசிபெல். இழந்தது 4.7.

மழையில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மழை சிக்னலை 3 டெசிபெல் விழுங்கினால் இழப்பு 3-ஓடு நிற்காது. சிக்னலை உறிஞ்சும் மழையே வெப்ப இரைச்சலையும் டிஷ்ஷுக்குள் அனுப்பும்; 100 கெல்வின் இருந்த இடத்தில் 230 ஆகிவிடும். அது இன்னொரு 3.6. மொத்தத்தில் ஆறரைக்கு மேல். இன்றைய 60-இல் உங்களுக்கு இருக்கும் இடைவெளியே நாலரை, ஐந்து டெசிபெல்தான்.

கோணமானி:
மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் அது சிக்னல் அளவை மட்டும் பார்க்கிறது. சின்ன டிஷ்ஷைப் பெரும்பாலும் கவிழ்ப்பது பக்கத்து சாட்டிலைட்.

டிஷ்ஷின் பார்வைக் கோணத்துக்கு எளிய கணக்கு: 70 × அலைநீளம் ÷ அகலம். 12 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.5 செ.மீ. அப்படியானால் 60 செ.மீ.க்கு 2.9 டிகிரி, 45-க்கு 3.9, 35-க்கு 5, 30-க்கு 5.8. மூன்று டிகிரி தள்ளி அதே அலைவரிசையில், அதே போலரைசேஷனில் (அலை அதிரும் திசையில்), அதே பலத்தோடு ஒரு சாட்டிலைட் உங்கள் பகுதிக்கு ஒளிபரப்பினால், 60 செ.மீ. டிஷ் அதை ஏறக்குறைய 12 டெசிபெல் அடக்கும். 35 அடக்குவது நாலு சொச்சம்தான். இரண்டு பக்கமும் அப்படி ஒன்று இருந்தால் எந்த எல்என்பியும் உதவாது, ஏனென்றால் இங்கே இரைச்சலாக வருவது இன்னொரு சாட்டிலைட்டின் சிக்னல்.

45 செ.மீ. டிஷ் சில நாடுகளில் வழக்கமானதற்குக் காரணமும் இந்தக் கோணம்தான். 1977-இல் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியாவுக்கு வகுத்த நேரடி ஒளிபரப்புத் திட்டம் 6 டிகிரி இடைவெளியில் சாட்டிலைட்டுகளை வைத்து, வீட்டு டிஷ் 90 செ.மீ. என்று எடுத்துக்கொண்டது, 2000-இல் அதைத் திருத்தியபோது 60 ஆயிற்று. அமெரிக்காவில் அந்த இடைவெளி 9 டிகிரி. 1994-இல் டைரெக்டிவி என்ற அங்குள்ள டிடிஎச் சேவை 45 செ.மீ. டிஷ்ஷோடு தொடங்க முடிந்ததில் பலமான சாட்டிலைட்டுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இந்த இடைவெளிக்கும் உண்டு. பிரிட்டனில் 1990-இல் வந்த ஸ்குவேரியல் 38 செ.மீ. சதுரத் தட்டை ஆன்டெனா. அதையும் 38 செ.மீ. டிஷ் என்று எண்ண வேண்டாம். பரப்பைப் பார்த்தால் அது 43 செ.மீ. வட்டத்துக்குச் சமம்.

நீங்கள் மூன்று விவரம் சொல்லுங்கள்: பக்கத்து சாட்டிலைட்டுகள் எத்தனை டிகிரி தள்ளி, எந்தப் பக்கம், உங்கள் சாட்டிலைட் வானத்து வில்லின் (சாட்டிலைட்டுகள் வரிசையாக நிற்கும் வளைவின்) உச்சிக்கு அருகிலா, ஓரத்திலா, அகலம் 40 என்றால் உயரத்துக்கு எவ்வளவு இடம்?

ஸ்பேனர்12:
கம்பிக்கு உள்ளேன்னு எழுதியிருக்கீங்க. டிஷ் கம்பி வழியாத்தான் வானத்தைப் பார்க்கணுமா? அப்படின்னா கம்பிகளோட நிழல் டிஷ் பரப்புல எத்தனை சதவீதம் விழுதுன்னு பாருங்க. 15 சதவீதம் மறைஞ்சாலே கிட்டத்தட்ட ஒன்றரை டெசிபெல் போயிடும். புது எல்என்பி தர்ற லாபம் அதுக்கே சரியாப் போகும். டிஷ்ஷைக் கொஞ்சம் தூக்கி, கைப்பிடிக் கம்பிக்கு மேல பார்க்கிற மாதிரி வைங்க.

சின்ன டிஷ்ஷுல திசை பிடிக்கிறது சுலபம். ஒரு டிகிரி தப்பா வெச்சா 90 செ.மீ.ல 3 டெசிபெல்லுக்கு மேல போகும், 35-ல அரை டெசிபெல்தான். ஆனா அந்த அரையே உங்களுக்குப் பெருசு. ஸ்ட்ரெங்த் கோட்டைப் பார்க்காதீங்க, எஸ்என்ஆர் எண்ணைப் பாருங்க. இருக்கிறதுலயே பலவீனமான டிரான்ஸ்பாண்டரை (சாட்டிலைட்ல ஒரு அலைவரிசையை அனுப்புற பகுதி) வெச்சு செட் பண்ணுங்க. கிடைத்திசை, உயரக் கோணம், அப்புறம் எல்என்பி திருப்பம், மறுபடி ஒரு சுத்து. நட்டை மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ஒரே பக்கம் இறுக்கினா டிஷ் நகர்ந்துடும். சர்குலர் போலரைசேஷனா (அலை சுழன்று வர்ற வகை) இருந்தா எல்என்பியைத் திருப்புற வேலை கிடையாது.

பழைய எல்என்பியை சின்ன டிஷ்ஷுல அப்படியே மாட்டலாமான்னு பலர் கேட்பாங்க. கழுத்து 40 மி.மீ. பொருந்தினா மட்டும் போதாது. கையோட நீளமும் பிடிப்பானும் அந்த டிஷ்ஷோட குவியத்துக்குச் சரியா இருக்கணும். எல்என்பியை முன்னும் பின்னும் சில மி.மீ. நகர்த்தி எண் ஏறுதான்னு பாருங்க. ஃபீடோட (எல்என்பி வாயோட) பார்வை டிஷ் விளிம்பைத் தாண்டினா பின்னாடி இருக்கிற சுவரோட வெப்ப இரைச்சல் நேரா உள்ள வரும்.

பால்கனிவாசி:
நன்றி. கைப்பிடிக்கு மேல் தூக்கி வைக்கலாம், பிரச்சினை இல்லை. உயரம் 70 செ.மீ. வரை கிடைக்கும். சாட்டிலைட் வில்லின் உச்சிக்கு அருகில். மேற்கே 4 டிகிரியில் ஒன்று இருக்கிறது, அதன் சேனல்களும் இங்கே கிடைக்கும். கிழக்கே பக்கத்தில் எதுவும் இல்லை.

கோணமானி:
அப்படியானால் 35 செ.மீ. வட்ட டிஷ்ஷை விட்டுவிடுங்கள். மேற்கு சாட்டிலைட் அதே அலைவரிசையில், அதே பலத்தில் இருப்பதாக வைத்தால், 35-இல் அது 7.7 டெசிபெல்தான் அடங்கும். இரைச்சலும் அதுவும் சேர்ந்து உங்கள் எஸ்என்ஆரை 5-க்கு இறக்கிவிடும். டிஷ்ஷை ஒரு டிகிரி கிழக்கே தள்ளி வைத்தால் அரை டெசிபெல் கொடுத்து மேற்குத் தொல்லையை இன்னும் 4 டெசிபெல் அடக்கலாம். ஒரு பக்கம் மட்டும் தொல்லை இருக்கும்போது இது நல்ல உத்தி. ஆனாலும் ஆறரையைத் தாண்டாது, உங்களுக்கு வேண்டியது எட்டு. 40 செ.மீ. வட்டமாக எடுத்து, அதையும் ஒரு டிகிரி தள்ளி வைத்தால் 8.3 வரும். மேகம் வந்தாலே போய்விடும்.

உங்களுக்கு உயரம் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். வில்லின் உச்சியில் சாட்டிலைட்டுகள் பக்கவாட்டில் வரிசையாக நிற்கும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது அகலம். உயரம் சிக்னலைச் சேர்க்கும். அதனால் அகலம் 40 முழுவதையும் நிரப்பி, உயரம் 60 வரை உள்ள தட்டை ஆன்டெனா தேடுங்கள். பரப்பில் அது 55 செ.மீ. வட்டத்துக்குச் சமம், 60-ஐ விட முக்கால் டெசிபெல்தான் குறைவு. செவ்வகத் தட்டு விளிம்புவரை முழுப் பரப்பையும் பயன்படுத்துவதால் அதன் கோணமும் அதே அகல வட்டத்தைவிடக் குறுகலாக இருக்கும்.

டெசிபெல்தாசன்:
தட்டை ஆன்டெனாவில் உள்ளே சிக்னலை இணைக்கும் பாதையிலேயே இழப்பு உண்டு. அச்சுத் தகட்டுப் பாதை (சர்க்யூட் போர்டு) உள்ளதைவிடக் குழல் பாதை (உலோகக் குழல்) உள்ளது மேல். விவரத்தாளில் "இத்தனை செ.மீ. டிஷ்ஷுக்குச் சமம்" என்ற வரியை விட்டுவிட்டு 12 கிகாஹெர்ட்ஸில் கெயின் (சிக்னலைக் குவிக்கும் திறன், டிபிஐ என்ற அலகில்) எவ்வளவு என்று பாருங்கள். 60 செ.மீ. டிஷ் சுமார் 35.7 டிபிஐ தரும். உங்களுக்கு 34-க்குக் குறையாமல் வேண்டும். 33 என்று போட்டிருந்தால் அது 45 செ.மீ. டிஷ் தரும் அளவுதான்.

ஸ்பேனர்12:
படுக்கை வாட்டத்துக்குச் செய்த தட்டை ஆன்டெனாவை நிமிர்த்தி வெச்சா ஹாரிசாண்டலும் வெர்டிகலும் இடம் மாறிடும். ரிசீவர்ல டிரான்ஸ்பாண்டர் பட்டியல்ல எச்-ஐ வி-ஆ, வி-ஐ எச்-ஆ மாத்திப் போட்டுத் தேடுங்க. அப்படி மாத்த விடாத ரிசீவரா இருந்தா, முதல்லேயே நிமிர்ந்த வாட்டத்துக்குச் செய்த மாடலா வாங்குங்க. முன்பக்க மூடியில மழைத்தண்ணி படலமா நிக்காம வழியணும், அதையும் பார்த்துக்கங்க.